கடல் பாசியும் நம் மாட்டுத் தொழுவமும்

சமையல் எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் மாற்று எரிபொருள் பற்றிய பேச்சும் எழுகிறது. நம் நாடு தனக்குத் தேவையான சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. இந்நிலையில், கடலில் வாழும் நுண்பாசியிலிருந்து டீசலும் எரிவாயுவும் எடுக்கலாம் என்பது நல்ல செய்திதானே?

நுண்பாசி கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டே சில நாள்களில் பல மடங்கு பெருகும். சில வகைகளில் எண்ணெயும் சேரும். விளைநிலமோ நன்னீரோ வேண்டாம். உவர்நிலமும் கடல்நீரும் போதும். குஜராத் மாநிலம் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், 2012-ஆம் ஆண்டு பாசி எண்ணெயில் செய்த டீசலை 20 விழுக்காடு கலந்து வாகனத்தையே ஓட்டிக் காட்டியது.

பின் ஏன் அது நம் ஊர் பெட்ரோல் பங்கிற்கு வந்து சேரவில்லை? கணக்கு உதைக்கிறது. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் பாசி கிடைத்தாலே பெரிது. அதைப் பிரித்து, உலர்த்தி, எண்ணெய் எடுப்பதற்குள் செலவு வரவை விழுங்கிவிடுகிறது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை ஆராய்ந்து பார்த்து நிறுத்தியது. 2009-இல் 60 கோடி டாலர் திட்டத்தை அறிவித்த எக்ஸான்மொபில் நிறுவனம் விலகிக்கொண்ட செய்தி 2023-இல் வெளிவந்தது.

எரிவாயு எடுப்பது சற்று எளிது. பாசியை உலர்த்தாமலே கலனில் இடலாம். எண்ணெய் எடுத்த சக்கையும் பயன்படும். ஆனால் கடல் உப்பும், புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவும் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை முடக்கிவிடக்கூடும்.

ஆய்வு தொடரட்டும். ஆனால் காட்டாமணக்கை மறக்கலாமா? 2003-க்குப் பின் அரசு ஊக்குவித்ததை நம்பி நட்ட மானாவாரி விவசாயிகள் பலர், விளைச்சல் இல்லாமல் செடிகளைப் பிடுங்கினார்கள். நாளை பாசிக் குளங்களுக்காகக் கடலோரத் 'தரிசு' கேட்கப்படும்போது, அங்கே வலை உலர்த்துகிறவர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் யார் கேட்பார்கள்?

மடவார் வளாகத்திலிருந்து கடல் வெகு தூரம். ஆனால் திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஊர். பால் உள்ள இடத்தில் சாணம் உண்டு. நாளொன்றுக்கு 2 கனமீட்டர் எரிவாயு தரும் சாண எரிவாயுக் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகள் இருந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும். மிஞ்சும் கழிவு வயலுக்கு உரமாகும். ஒரே மாடு வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்திற்கு இது எட்டாது என்பதும் உண்மை. நாலு வீடு சேர்ந்தால் எட்டும். கலனைக் கட்டுவதோடு நில்லாமல், பழுதுபார்க்கவும் ஆள் வேண்டும். கவனிப்பாரின்றி அணைந்துபோன சாண எரிவாயு அடுப்புகள் நம் கிராமங்களில் குறைவா?

நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களைப் படிப்படியாகக் கைவிடுவதில் தாமதம் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். கடல் பாசி கைகொடுக்கும் நாள் வந்தால் வரவேற்போம். அதுவரை, கைக்கெட்டிய தூரத்தில் கிடப்பதைக் குப்பையில் கொட்டிவிட்டு, தொலைவில் இருப்பதற்காகக் காத்திருப்பது முறையா? சிந்திப்போம், நம் தெருவிலிருந்தே தொடங்குவோம்.