பங்கீட்டு அட்டையும் உணவு வங்கியும்

பசித்தவனுக்குச் சோறிடுவதைப் பழித்துரைத்தவர் தமிழ் மரபில் எவருமிலர். எனவே, உணவு வங்கிகள் பற்றிய விமர்சனம் எதுவாயினும் அது ஈரமற்ற நெஞ்சினரின் கூற்றாகவே முதலிற் கொள்ளப்படும். அந்த இடரை ஏற்றுக்கொண்டுதான் இப்பொருளை ஆராய வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இலங்கையிற் கற்றோர் மத்தியிலும் ஒரு கருத்து வேரூன்றி வருகின்றது. மானியங்களே நாட்டை வங்குரோத்தாக்கின. இனி அரசு மக்களுக்கு உணவளிக்க இயலாது. உள்ளூர்க் கொடையாளரும் தொண்டர்களும் கூடி நடத்தும் உணவு வங்கிகளே ஏழையின் பசிக்கு விடை. மேலை நாடுகள் அவ்வழியிற் சென்று வெற்றி கண்டுள்ளன என்பதே அக்கருத்து. இதன் உறுப்புகளில் ஒன்றேனும் ஆய்வுக்கு நின்றுபிடிப்பதாக இல்லை.

உணவு வங்கியின் வரலாறு நீண்டதன்று. 1967இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் ஜோன் வான் ஹெங்கல் என்னும் தொண்டர் தொடக்கிய புனித மரியாள் உணவு வங்கியே உலகின் முதலாவது எனக் கொள்ளப்படுகின்றது. பேரங்காடிகள் வீசியெறிந்த, ஆனால் உண்ணத்தக்க பொருள்களைப் பொறுக்கித் தன் பிள்ளைகளுக்கு ஊட்டிய தாயொருத்தியின் வாய்மொழியிலிருந்தே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்பர். மிகையான உணவை ஓரிடத்திற் சேர்த்துவைத்து, வேண்டியவர் வந்து பெற்றுக்கொள்வதென்பதே ஏற்பாடு. இப்பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. வங்கியில் வைப்பிலிட்டவனே மீளப் பெறுகின்றான்; அவன் பெயரிற் கணக்கு உண்டு; மறுத்தால் வழக்கிடலாம். உணவு வங்கியில் இடுபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். பெறுபவருக்குக் கணக்குமில்லை, வழக்குமில்லை. 1976இல் அமெரிக்க வரிச்சட்டம் திருத்தப்பட்டு, கையிருப்புச் சரக்கை அறப்பணிக்கு வழங்கும் கம்பனிகளுக்குக் கூடுதலான வரிக்கழிவு வகுக்கப்பட்டது. விலைப்படாத சரக்கு அன்று தொடக்கம் அறமாகவும் ஆதாயமாகவும் ஒருங்கே மாறலாயிற்று.

கனடாவின் முதலாவது உணவு வங்கி 1981இல் எட்மன்ரன் நகரிலே தோன்றியது. பொருளாதார மந்தம் நீங்கியதும் மூடப்படவேண்டிய தற்காலிக ஏற்பாடாகவே அது எண்ணப்பட்டது. மந்தம் நீங்கியது, வங்கி நீங்கவில்லை. நாடு முழுவதும் அது கிளைபரப்பி, 2024 மார்ச் மாதம் ஒன்றில் மட்டும் 20 இலட்சத்துக்கும் அதிகமான வருகைகளைப் பதிவு செய்யும் நிலைக்கு வளர்ந்தது. 2019 மார்ச்சோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 90 சதவீத அதிகரிப்பு. பிரித்தானியாவிலே ட்ரஸ்ஸல் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டில் சோல்ஸ்பரி நகரில் தன் முதலாவது உணவு வங்கியைத் திறந்தது. 2010-11இல் ஏறத்தாழ 61,000 ஆக இருந்த அவசர உணவுப் பொதிகளின் தொகை 2023-24இல் 31 இலட்சத்தைக் கடந்தது. அடுத்த ஆண்டு சற்றுத் தாழ்ந்தபோதும் 29 இலட்சத்தை அண்மியே நின்றது. மருந்து கூடக்கூட நோயும் கூடுமாயின் அதனை வெற்றி என்று கூறுவார் மருத்துவர் ஆகார்.

இவ்வளர்ச்சியின் இயக்கத்தை நோக்குதல் வேண்டும். ட்ரஸ்ஸல் முறையிற் பசித்தவர் நேரே சென்று உணவு பெறுதல் வழக்கமன்று. மருத்துவரோ சமூக சேவை அலுவலரோ வழங்கும் சிட்டையுடன் செல்லவேண்டும்; கிடைப்பது குறைந்தது மூன்று நாள்களுக்குரிய பொதி. 2011இல் அங்குள்ள அரச தொழில் நிலையங்களும் தம்மிடம் வருவோரை உணவு வங்கிக்கு வழிப்படுத்த அனுமதிக்கப்பட்டன. அதாவது, கொடுப்பனவு வழங்கவேண்டிய அலுவலகமே, கொடுப்பனவு தாமதித்த அல்லது வெட்டப்பட்ட ஒருவரை, அயலவர் கட்டிய பொதிக்கு அனுப்பிவைக்கும் வாயிலாயிற்று. தேவாலயத்து மண்டபத்தில் தகரப்பேணிகளை அடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை இதற்குப் பொறுப்பாளி அல்லர். அவருடைய உழைப்பு தூயது. ஆயின், அவ்வுழைப்பு இருக்கும் துணிவிலேயே கொடுப்பனவுகளை வெட்டும் கை வெட்டிக்கொண்டிருந்தது.

மேலை நாட்டார் இப்பாதையில் அடியெடுத்து வைப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, வறிய நாடான இலங்கை வேறொரு பாதையில் நடந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1942இல், போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது, அரிசிப் பங்கீடு தொடக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அது நீடித்தது. கூப்பன் என்று ஊரார் அழைத்த அந்தப் பங்கீட்டு அட்டை ஒவ்வொரு தலைக்கும் உரியதாயிருந்தது. சங்கக்கடையில் அதனை நீட்டியவர் எவருக்கும் நன்றி கூறவேண்டியிருக்கவில்லை. அரிசி புழுத்திருந்தால் மனேச்சரை ஏசவும் முடிந்தது. ஏசுதற்கு இயலுமாயிருந்தமையே அதன் பெருமை எனலாம். 1953 யூலையில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகத்து 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் மூழ்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்ரோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1962இல் பங்கீட்டைக் குறைக்க முயன்ற நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் தம் கட்சியினராலேயே எதிர்க்கப்பட்டு நிதியமைச்சை இழந்தார். உணவு உரிமையாக இருக்கும்போது அதனைக் குறைப்பவன் பதவி இழக்கின்றான். உணவு கொடையாக மாறியபின் அது குறைந்தால் எவன் பதவி இழப்பான்? பேணி குறைந்ததென்று எந்த அமைச்சரவை கவிழ்ந்தது?

பங்கீடு குறையற்றதாக இருந்தது என்று வாதிட இயலாது. 1973-74இல் உலகச் சந்தை விலைகள் உயர்ந்து பங்கீடு சுருங்கியபோது மலையகத் தோட்டங்களிலே பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன; தோட்டத்துறையின் மரண வீதம் வெளிப்படையாகவே உயர்ந்தது. கூலியும் பங்கீடுமன்றி வேறு ஊன்றுகோல் இல்லாத மக்கள் முதலில் வீழ்ந்தனர். இது பங்கீட்டின் தீமைக்குச் சான்றன்று. அது சுருங்கினால் நேர்வதற்கே சான்று. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவிற் குறைந்த குடும்பங்களுக்கென அது மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்ரெம்பரில் உணவு முத்திரை அதன் இடத்தைப் பிடித்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலைநிறுத்தப்பட்டதேயன்றி அரிசியில் அன்று. விலைகள் ஏறின, முத்திரை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. எவரும் எதனையும் வெட்டியதாக அறிவிக்கவில்லை. ஹர்த்தாலும் நிகழவில்லை. கொத்தரிசியாக இருந்த உரிமை, கடதாசித் துண்டாகி, ஓசையின்றித் தேய்ந்தது. பின்னர் 1989இல் ஜனசவிய, 1990களில் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறின. ‘உரியவர் யார்?’ என்ற தெரிவு ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்ந்தது. அஸ்வெசுமப் பட்டியல் வெளியானபோது பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன.

மானியமே நாட்டைக் கெடுத்தது என்போர் ஒரு காலக்கணக்கைக் கருத்திற் கொள்வது நன்று. எல்லோருக்குமான அரிசிப் பங்கீடு ஒழிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அதற்கு முன் நிகழ்ந்தவை யாவை? 2019 இறுதியிற் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டு அரச வருமானம் சரிந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவிற் போலத் தடுக்கப்பட்டு நெல் விளைச்சல் வீழ்ந்தது. இவற்றுள் எதுவும் ஏழையின் கொத்தரிசியால் வந்ததன்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, அவ்வரிச் சலுகையால் மிச்சம் பிடித்தவருட் சிலரே பொதிகளுக்குக் கொடையாளராகவும் வந்திருத்தல் கூடும். வரியாக வரவேண்டியதில் நூறில் ஒரு பங்கு வள்ளன்மையாக வந்தது, மாலையும் விழுந்தது.

‘அரச அலுவலருக்கு யார் ஏழை என்று தெரியாது, ஊரவருக்கே தெரியும்’ என்பது இன்னொரு வாதம். ஊரவருக்குத் தெரியும் என்பது மெய்தான். யார் எந்தக் குறிச்சி, யார் எந்தக் குடி என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் எழுந்த போராட்டத்தை மறந்தவர்கள்தாம் யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் நல்லெண்ணத்தில் ஏழையின் வயிற்றை ஒப்படைக்கத் துணிவர். பங்கீட்டு அட்டைக்குச் சட்டப்படி அளவு ஒன்றே. கொடையாளரின் பட்டியலுக்கோ முகம் உண்டு, முறை உண்டு, பழைய கோபதாபங்களும் உண்டு. போதாக்குறைக்கு ஒளிப்படம். பொதியின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்தபடி, பின்னே பதாகை விரிய, படம் எடுக்கப்படுகின்றது. பெறுபவர் தலைகுனிந்திருப்பதை எவரும் கவனிப்பதில்லை. பல இடங்களில் ஐந்து கிலோ அரிசிக்கு விலை அந்தப் படமே.

கொடுப்பவருக்கும் பசித்தவர் தேவைப்படுகின்றனர் என்பதை மணிமேகலை ஆசிரியர் நன்கறிந்திருந்தார். அமுதசுரபியை மணிமேகலை பெற்ற கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு முன் அதனை வைத்திருந்த ஆபுத்திரனின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாண்டி நாட்டைப் பன்னீராண்டு வாட்டிய வற்கடத்திற்குப் பின் இந்திரன் மழை பெய்விக்கின்றான். நாடு விளைகின்றது. உண்பாரைத் தேடி ஆபுத்திரன் வீடு வீடாகச் செல்கின்றான், அவனை மதிப்பாரில்லை. ஏழைகள் கூடியிருந்த அம்பலத்திற் சூதாடுவோரும் வீணரும் நிறைகின்றனர். சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறியவன் மணிபல்லவத்திலே தனியே விடப்படுகின்றான். ஈவதற்கு ஆளின்றி, தன் ஒரு வயிற்றுக்காக அப்பாத்திரத்தைச் சுமக்கப் பொறாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கின்றான். அவனது அருள் ஐயத்திற்கிடமற்றது. எனினும், அவன் பாத்திரத்தை வேண்டாப் பொருளாக்கியது மழையேயன்றி மற்றொரு பாத்திரமன்று. மணிபல்லவத்தை நயினாதீவு எனக் கொள்வோர் இந்நாட்டிற் பலர். அத்தீவுக்கு ஆண்டுதோறும் சென்று அன்னதானத்தில் உண்டு திரும்பும் அன்பர்கள் மழையின் பகுதியையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

உணவு வங்கிகளை நாளையே இழுத்து மூடவேண்டும் என்பதன்று இவ்வாதத்தின் பொருள். இன்றிரவு பசிக்கும் பிள்ளைக்குச் சட்டத் திருத்தத்தை ஊட்ட இயலாது. ட்ரஸ்ஸல் அறக்கட்டளையே தன்னைத் தேவையற்றதாக்குவதே தன் நோக்கம் என வெளிப்படையாகக் கூறி, தன் கணக்குகளை ஆண்டுதோறும் அரசின் முன்வைத்து வாதிடுகின்றது. அங்குள்ள சுயாதீன உணவு வங்கிகள் பலவும் பொதிக்குப் பதிலாகப் பணமே முதலில் கொடுக்கப்படல் வேண்டுமெனக் கோருகின்றன. மேலை நாட்டிடமிருந்து கற்க விரும்புவோர் கற்கவேண்டிய பகுதி இதுவே. இங்கு பொதிகளின் எண்ணிக்கை பெருமையோடு அறிவிக்கப்படுகின்றது; பொதி ஏன் தேவைப்பட்டது என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. அஸ்வெசும மறுக்கப்பட்டதா, தோட்டத்தில் வேலைநாள் குறைந்ததா, மீன்பிடிக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையா, கணவன் காணாமற் போனவரா? பெறுபவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்திற் கூறிவிடுவர். பெயர் வேண்டியதில்லை, காரணம் போதும். அக்காரணங்களைத் தொகுத்துப் பிரதேச செயலரின் மேசையிலும் பாராளுமன்ற உறுப்பினரின் மேசையிலும் வைக்கும்வரை, கொடையாளர் அரசின் கடனை வட்டியின்றி அடைத்துக்கொண்டிருப்பவரே.

இது பல்கலைக்கழக வாசலுக்கு அப்பாற்பட்ட விடயமுமன்று. 2022இல் உணவு விலைகள் இரட்டிப்பாகியபோது மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலேயே நின்றது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலேதான் அதனை 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது. 1979இன் உணவு முத்திரை தேய்ந்த அதே முறையில், அறிவித்தலின்றி, மாணவரின் உணவும் இடைப்பட்ட ஆண்டுகளிலே தேய்ந்தது. வெள்ளமோ நெருக்கடியோ வந்தால் மாணவர் அமைப்புகள் உலருணவுப் பொதிகளைக் கட்டி ஊர்களுக்கு அனுப்புகின்றன. பொதி கட்டும் பிள்ளைகளில் எத்தனை பேர் அன்று காலை உண்ணாமல் வந்தனர் என்பதை எவரும் கேட்பதில்லை. அதையும், பொதி வாங்கியோர் கூறிய காரணங்களையும், அதே மண்டபத்தில் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.