வெட்டி வேலைக்கு நன்றிச் சீட்டா?

கல்வராயன் மலையில் 'வெட்டி' என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். நாடு விடுதலை பெற்று 29 வருஷங்கள் கழித்து, 1976-ல்தான் அந்த ஜாகீர்கள் சர்க்கார் வசமாயின. அதே சொல்லை இன்று படித்தவர்களின் உலகத்தைப் பற்றிச் சொல்லவும் நாம் எடுத்தாள வேண்டியிருக்கிறது.

மலையடிவாரத்தில் மரவள்ளி பயிரிடும் பூமி இது. 2020-ல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மரவள்ளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி வந்து விழுந்தது. குருத்து சுருண்டது, கிழங்கு சிறுத்தது. கிழங்கு இல்லையென்றால் பிடுங்குகிறவருக்குக் கூலி இல்லை, ஜவ்வரிசி ஆலையில் வேலையும் இல்லை. அந்தப் பூச்சியை அழிக்கும் ஒரு சின்னஞ்சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து நம் விஞ்ஞானிகள் கொண்டுவந்தார்கள். 2022 மார்ச்சில், மலைக்கு அந்தப்புறம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதே குளவியைக் கொண்டு மரவள்ளியைக் காத்த ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்த அறிவு ஊர் விட்டு ஊர், கண்டம் விட்டுக் கண்டம் வந்தது எப்படி? விஞ்ஞானப் பத்திரிகைகள் வழியாக. ஒரு விஞ்ஞானி கட்டுரை அனுப்பினால் பத்திரிகை அதை உடனே அச்சேற்றுவதில்லை. அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறது. சோதனை ஒழுங்காக நடந்ததா, கணக்கு சரியா, சொன்ன முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று அவர்கள் வரிக்கு வரி பார்க்கிறார்கள். மதிப்பாய்வாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் கண் அசந்தால் பொய் மருந்தும் பொய் உரமும் விஞ்ஞானம் என்ற முத்திரையோடு நம் தலையில் வந்து விழும்.

இந்த வேலைக்குக் கூலி என்ன? அநேகமாக எந்தப் பத்திரிகையிலும் ஒரு காசு கிடையாது! 2020 ஒரே வருஷத்தில் உலக விஞ்ஞானிகள் இதற்குக் கொடுத்த நேரம் 10 கோடி மணிக்கும் அதிகம் என்று 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. எட்டு மணி ஷிப்டு, வருஷத்துக்கு 300 நாள் என்று ஆலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 பேரின் ஒரு வருஷ உழைப்பு!

பொதுக் காரியத்துக்குக் கூலி வாங்காமல் உழைப்பதை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்துக் குடிமராமத்தில் ஊரே இறங்கி ஏரியைத் தூர் வாரியது. யாரும் கூலி கேட்டதில்லை. ஏனென்றால் ஏரி ஊருடையது, தண்ணீரும் ஊருக்கு. இங்கே ஏரி யாருடையது? எல்செவியர் என்ற பெரும் பதிப்புக் கம்பெனியின் சொந்தக்காரர்களான ரெலெக்ஸ், 2023-ல் தன் விஞ்ஞான, மருத்துவப் பிரிவில் 100 ரூபாய் வரவுக்கு 38 ரூபாய் லாபம் காட்டியது. எழுதுகிறவருக்குப் பணம் கிடையாது, சரிபார்க்கிறவருக்கும் கிடையாது. ஆனால் படிக்க வேண்டுமானால் பணம்! 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற பெயரில் 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் ஒதுக்கியிருக்கிறது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 பத்திரிகைகளுக்காக இந்தப் பணம். கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டும், அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நம் விஞ்ஞானிகள் சும்மா செய்து கொடுத்த வேலையை நம் வரிப்பணமே திரும்ப விலைக்கு வாங்குகிறதே, இது என்ன வியாபாரம்?

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, கௌரவிக்கிறார்களாம். நன்றிச் சீட்டு அனுப்புகிறார்கள். 2015 முதல் வருஷா வருஷம் ஒரு வாரம் மதிப்பாய்வுக்கென்று கொண்டாடவும் படுகிறது. ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கொடுத்துவிட்டு போனஸை மறந்துவிடும் முதலாளியை நமக்குத் தெரியாதா? இதற்குள்ளும் ஒரு மேஸ்திரி முறை உண்டு. பேராசிரியர் பெயருக்கு வரும் கட்டுரையை ஆராய்ச்சி மாணவர் இரவெல்லாம் விழித்துப் பார்ப்பார். நன்றிச் சீட்டு பேராசிரியருக்குப் போகும்.

கட்டுரைக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் வைக்கச் சொல்லவில்லை நாம். பீஸ் ரேட் வந்தால் அவசரமும் ஓட்டை வேலையும் வரும் என்பது தறி ஓட்டியவனுக்குத் தெரியும். கல்லூரியிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த வேலையை வேலை நேரமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். பதவி உயர்வில் இதற்கு இடம் தர வேண்டும். நிரந்தரமில்லாமல் சொற்பச் சம்பளத்தில் வாடும் கௌரவ விரிவுரையாளருக்கு இது முதலில் கிடைக்க வேண்டும். உழைத்த மாணவரின் பெயர் உழைத்தவராகவே பதிவாக வேண்டும். 2027 முடிவில் சந்தா ஒப்பந்தம் பேச உட்காரும்போது, இந்திய மதிப்பாய்வாளர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்ற கணக்கைக் கம்பெனிகளிடம் மேஜை மேல் வைக்கச் சொல்லி, அதை விலையில் கழிக்க வேண்டும். கணக்குக் காட்ட மறுக்கும் கம்பெனிக்குச் சர்க்கார் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.