செய்கை எங்கே?

கணக்குக்கு விடையை மட்டும் எழுதிவரும் மாணவனுக்கு நான் முழுப் புள்ளி போடுவதில்லை. செய்கை எங்கே என்று கேட்பேன். பத்திரிகைகளிடம் அதை நாம் ஏன் கேட்பதில்லை?

2018 பெப்ரவரியில் அம்பாறைச் சாப்பாட்டுக் கடையொன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது பிறகுதான்.

பாடம் படித்தார்களா? 2019 மே 23ஆம் திகதி சிங்கள நாளிதழொன்று, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4000 பௌத்தத் தாய்மாருக்குச் சிசேரியனோடு கருத்தடையும் செய்துவிட்டார் என்று முதற்பக்கத்தில் எழுதியது. வைத்தியரின் பெயருமில்லை, ஆதாரமுமில்லை. மறுநாள் குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். மயக்க மருந்து கொடுப்பவரும் தாதியரும் சுற்றி நிற்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில், 4000 தடவை ஒருவர் கண்ணிலும் படாமல் இதைச் செய்ய முடியுமா? இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தத் தலைப்பு அச்சேறியிராது. ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூனில் நீதிமன்றுக்குச் சொன்னது. பிணை கிடைத்ததோ ஜூலை 25இல்.

நாம் மட்டும் திறமா? பிடிக்காத செய்தியைத்தான் சந்தேகிக்கிறோம். பிடித்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூறத்துல் ஹுஜுராத்தை குத்பாவில் கேட்டுவிட்டு, பள்ளிவாசல் படியிறங்கும்போதே அனுப்புகிறோம்.

பத்திரிகைக்காரரிடம் செய்கை கேட்போம், கட்டாயம் கேட்போம். அதற்குமுன் நம் கொப்பியையும் ஒருமுறை திறந்து பார்ப்போம்.