அருவிக்கு வழிகாட்டும் உரிமை

ஹட்டனிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில், பத்தனையைக் கடந்து தலவாக்கலையை அடைவதற்குள், இலங்கைத் தீவின் பேரருவிகளுள் இரண்டு பிரயாணியின் கண்முன்னே தோன்றுகின்றன. ஒன்று 97 மீட்டர் உயரமுள்ள டெவோன். மற்றது 80 மீட்டர் உயரத்தோடு அகலத்தாலும் சிறந்து, ‘சின்ன நயாகரா’ என்று புகழ்பெற்ற சென்கிளயார். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் விருந்தினரை ஏற்றிவரும் சுற்றுலா வேன்கள் இவற்றுக்கு எதிரே சாலையோரத்தில் சிறிது நேரம் நிற்கின்றன. வழிகாட்டி அருவியின் பெயரையும் உயரத்தையும் சொல்லி முடிக்கிறார். விருந்தினர் புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பைத் தேநீரும் அருந்திவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். அருவிக்கும் சாலைக்கும் இடைப்பட்ட பசுஞ்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தப் புகைப்படங்களில் இடம்பெறுகிறார்கள்; அந்தச் சுற்றுலா ஈட்டும் வருமானத்திலோ அவர்களுடைய குடும்பங்களுக்கு இடமில்லை.

இந்நிலை மாறவேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம். ஹட்டன், தலவாக்கலைப் பிரதேசத்து அருவிகளுக்கு ஒழுங்கான ஒருநாள் நடைச்சுற்றுலா ஒன்று ஏற்படுத்தப்படவேண்டும். அதை நடத்திச்செல்லும் வழிகாட்டிகள் அந்தந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்களும் யுவதிகளுமாக இருக்கவேண்டும். அவர்களுக்கு அரசாங்கம் முறையான பயிற்சியும் உரிமமும் வழங்கவேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, தேசிய வழிகாட்டிகளுக்கு மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கோ ஒரு குறிப்பிட்ட தலத்துக்கோ உரிய வழிகாட்டிகளுக்கும் உரிமம் அளிக்கும் ஏற்பாட்டை ஏற்கெனவே உடையது. ஆகவே புதிய சட்டம் எதுவும் இதற்கு அவசியமில்லை. உள்ள ஏற்பாட்டைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் வாசல்வரை கொண்டுசெல்லும் மனம் இருந்தால் போதும்.

காட்டுக்குள் இருக்கும் அருவிக்கும் தோட்டத்துக்குள் இருக்கும் அருவிக்கும் நாம் காட்டும் பாரபட்சத்தைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெருநதிகளுக்கும் தலைநீர் தரும் ஹோர்ட்டன் சமவெளி, 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஓர் அங்கமுமாயிற்று. அங்கே சுமார் 20 மீட்டர் உயரமே உள்ள பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைக் காணச் செல்பவன் நுழைவுச்சீட்டு வாங்குகிறான். வகுக்கப்பட்ட பாதையில் நடக்கிறான். பொலித்தீன் கொண்டுசெல்லத் தடை இருப்பதால் அதை வாயிலிலேயே விட்டுச்செல்கிறான். பேக்கர்ஸைப்போல் நான்கு மடங்கு உயரமுள்ள சென்கிளயாருக்கோ, பார்வையிடும் இடமொன்றைத் தவிர, காட்டின் அருவிக்கு வாய்த்த பரிபாலனம் எதுவும் வாய்க்கவில்லை. தேயிலை நட்ட நிலம் என்பதனால் அங்குள்ள இயற்கைச் செல்வம் மதிப்பிற் குறைந்துவிடுமா?

வழிகாட்டும் பணிக்குத் தோட்டத்து இளைஞர்களைவிடத் தகுதியுள்ளவர் வேறெவரும் இலர். அருவியைப் பார்வையிடுவதில் உள்ள அபாயத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வர். நீராட இறங்கியவர்கள் பாறை வழுக்கி விழுந்தும் சுழியில் அகப்பட்டும் உயிரிழந்த செய்திகள் மலையகத்திலிருந்து அடிக்கடி வருகின்றன. அவர்களுட் பலர் தூர இடங்களிலிருந்து வந்தவர்கள். மே மாதந்தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேல்மலையில் மழை கொட்டினால், கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை பெருகிவிடும். நீரின் நிறம் கலங்குவதையும் அதன் இரைச்சல் மாறுவதையும் கண்டு கரையேறவேண்டும் என்பதை, அந்த ஓடையில் துணி துவைத்தும் குளித்தும் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. அந்த அனுபவ ஞானத்தோடு முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் ஆங்கிலமும் சிங்களமும் சேருமாயின், உயிர்காக்கும் ஒரு சேனையையே நாம் உண்டாக்கியவர்களாவோம்.

அருவியின் நீரோட்டத்தைப் பேசும்போது மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து எழுந்து 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மேல்கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்வலு உடையது. அதன் பொருட்டு ஆற்றுநீர் சுரங்கவழியே திருப்பப்படுவதால் சென்கிளயார் வற்றிப்போகும் என்று எழுந்த ஆட்சேபத்துக்குப் பதிலாக, பகற்பொழுதில் அருவிக்கென்று குறித்த அளவு நீர் விடப்படும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. நாட்டுக்கு மின்வலு அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அருவியின் ஓட்டமே அணையின் கதவுகளைப் பொறுத்ததாக ஆகிவிட்டபின், நீர் விடப்படும் நேரமும் அளவும், மழைக்காலத்தில் வான்கதவுகள் திறக்கப்படும் செய்தியும், தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக அறிவிக்கப்படவேண்டியது நியாயம். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் தலத்தில் இருப்பார்களாயின், அவ்வறிவிப்பை உடனே பெற்று விருந்தினரைக் காக்கவும், வாக்களித்த நீர் வருகிறதா என்பதை நாள்தோறும் கண்டு சொல்லவும் அவர்களே பொருத்தமான சாட்சிகளாவர்.

தோட்டங்களில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. இளைஞர்களைச் சுற்றுலாவின் பக்கம் இழுத்தால் கொழுந்து பறிக்க யார் இருப்பார்கள் என்று நிருவாகங்கள் கேட்கக்கூடும். அந்த இளைஞர்கள் இப்போது தோட்டத்தில் நிற்கிறார்களா? நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டுவதற்கே 2021ஆம் ஆண்டுவரை போராடவேண்டியிருந்த தொழிலை விட்டு, கொழும்பின் கடைகளுக்கும் மத்தியகிழக்கு நாடுகளுக்கும் அவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பெற்றோர் வாழும் மலையிலேயே கௌரவமான ஜீவனம் கிடைத்தால், அவர்களுட் சிலரேனும் ஊரோடு தங்குவர். மேலும், தோட்டத்துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்களுட் பல இன்று செல்வந்த விருந்தினர் தங்கும் விடுதிகளாகிவிட்டன. பங்களா சுற்றுலாவுக்குத் திறக்கலாம், பங்களாவுக்குக் கீழேயுள்ள லயத்துப் பிள்ளை மட்டும் சுற்றுலாவில் சேரக்கூடாது என்பது எந்த நியாயத்துக்கும் அடங்காது. 1992இல் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது அரசாங்கத் தோட்டங்களின் நிருவாகமே. நிலம் குத்தகைக்கு விடப்பட்டதேயன்றி விற்கப்படவில்லை. அந்த நிலத்திலே அருவிவரை ஒரு நடைபாதையைக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு.

கூட்டம் பெருகினால் இயற்கை கெடும் என்ற அச்சம் மெய்யானது. அதை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் கட்டுப்பாடில்லாமல் வருபவர்களே குப்பையைக் குவிக்கிறார்கள். தென் அமெரிக்காவில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் பங்குகொள்ளும் இகுவாசுப் பேரருவிகளைச் சூழ்ந்த வனத்தை அவ்விரு நாடுகளும் 1930களிலேயே தேசியப் பூங்காக்களாக்கின. பிரேசில் பக்கத்தில் விருந்தினர் தங்கள் வாகனங்களை வாயிலிலே நிறுத்திவிட்டுப் பூங்காவின் பேருந்திலேயே உள்ளே செல்லுகிறார்கள். அர்ஜென்டினாப் பக்கத்தில் பூங்காவை அடுத்து வாழும் குவரானிப் பழங்குடியினர் தங்கள் வனப்பகுதிக்குத் தாங்களே வழிகாட்டிகளாக நின்று விருந்தினரை அழைத்துச்செல்லுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒரு வழிகாட்டிக்கு இத்தனை விருந்தினர் என்ற வரம்பும், பொலித்தீன் தடையும், மழை மிகுந்த நாட்களில் பாதையை மூடும் அதிகாரமும் நமது திட்டத்திலும் தொடக்கத்திலேயே இடம்பெறவேண்டும்.

1823ஆம் ஆண்டுதொட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, காடு திருத்திக் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைவித்த ஒரு சமூகம், 1948இல் குடியுரிமையை இழந்து, அதை முழுமையாக மீட்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. இருநூறு ஆண்டு வாழ்வின் நினைவை 2023இல் நாடு கொண்டாடியது. விழாக்களால் வயிறு நிரம்பாது. தாங்கள் உழைத்து உருவாக்கிய மலையை அதன் சரித்திரத்தோடு தங்கள் வாயாலேயே உலகுக்கு எடுத்துச்சொல்லி, அதற்குரிய ஊதியத்தையும் பெறும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வேண்டும். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் விருந்தினருக்குத் தமிழிலேயே வழிகாட்டல் கிடைப்பதும் இதனால் உண்டாகும் தனிப்பயனாகும்.

ஆகவே, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஹட்டனிலோ தலவாக்கலையிலோ தமிழ்மொழிமூலப் பயிற்சி வகுப்பைத் தாமதமின்றித் தொடங்குக. பயிலும் காலத்துக்குக் கொடுப்பனவு வழங்குக. தோட்டக் கம்பெனிகள் அருவிவரையான பாதைக்கு இணங்குக. தலவாக்கலை-லிந்துலை நகரசபையும் அயலிலுள்ள பிரதேச சபைகளும் நுழைவுக்கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்தத் தோட்டத்தின் குடிநீருக்கும் சிறுவர் நிலையங்களுக்கும் ஒதுக்கும் விதியை இயற்றுக. மலையகப் பிரதிநிதிகள் கட்சிபேதம் பாராமல் இதைப் பாராளுமன்றத்தில் எழுப்புக. அடுத்த ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்தகாலத்துக்கு விருந்தினர் திரண்டு வருவதற்குமுன், உரிமம் பெற்ற முதல் அணியினர் பணியில் நிற்கவேண்டும். அதற்கு வேண்டிய சட்டமும் உண்டு, அருவியும் உண்டு, ஆளும் உண்டு. தாமதத்துக்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை.