பாடாதவரின் குரல்

1965இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவிலிருந்து எரிக் க்ளாப்டன் விலகியபோது, அந்த இடத்துக்கு ஜிம்மி பேஜ் சிபாரிசு செய்தது ஜெஃப் பெக்கை. ஆங்கிலேய ராக் கிதாரின் மும்மூர்த்திகளில் இரண்டு பேர் கோடிகளில் ரெக்கார்டு விற்றார்கள். மூன்றாமவரான பெக்கின் ரசிகர்களுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில், 78 வயதில், மூளைக்காய்ச்சலால் அவர் இறந்த செய்தி வந்தபோது உலகெங்கும் கிதார் பிடிக்கத் தெரிந்தவர்கள் துக்கப்பட்ட விதத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் இடம் எது என்பது புரிந்திருக்கும்.

பெக் பிறந்தது லண்டனுக்குத் தெற்கே வாலிங்டனில். பையனாக இருந்தபோது சுருட்டுப் பெட்டிகளை ஒட்டி கிதார் செய்து பார்த்தார். கழுத்துக்கு வேலிக்கட்டை; மெட்டுகளுக்குப் பதில் பெயிண்ட் கோடுகள். கையால் எதையாவது பிரித்து மாட்டும் இந்தப் புத்தி கடைசிவரை போகவில்லை. பழைய ஃபோர்டு கார்களைக் கழற்றிச் செப்பனிடுவது அவருக்கு இசைக்குச் சமமான பைத்தியம். அதில் விரலை நசுக்கிக்கொண்டதும் உண்டு.

யார்ட்பேர்ட்ஸில் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாட்டுக்கு முதலில் சிதார், தபலா கலைஞர்களை வைத்து ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். சரிப்படவில்லை. பெக் தன் எலெக்ட்ரிக் கிதாரைக் கரகரக்கவைத்து, தந்தியை வளைத்து, சிதாரின் சாயலை அதிலேயே கொண்டுவந்துவிட்டார். பீட்டில்ஸ் பாட்டில் ஜார்ஜ் ஹாரிசனின் சிதார் ஒலித்தது இதற்கு அரை ஆண்டு கழித்துத்தான்.

வெற்றி வாசலுக்கு வரும் நேரத்தில் பின்கட்டு வழியாக வெளியேறுவது பெக்கின் வழக்கம். ராட் ஸ்டூவர்ட் பாட, ரான் உட் பேஸ் வாசிக்க, 1968இல் அவர் வெளியிட்ட ‘ட்ரூத்’, பிற்பாடு ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற இசைக்கு வழிகாட்டிய ஆல்பங்களில் ஒன்று. அந்தப் பாணியை வைத்துப் பெரும்புகழ் அடைந்தது பேஜின் லெட் செப்லின். பெக்கின் குழுவோ 1969இல், வுட்ஸ்டாக் விழாவுக்குச் சற்றுமுன் கலைந்துபோனது. 1975இல் ரோலிங் ஸ்டோன்ஸ் கிதார் கலைஞரைத் தேடியபோது பெக் போய் வாசித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டார். அந்த நாற்காலியில் பின்னர் உட்கார்ந்தவர் அதே ரான் உட்.

பெக் பாடகர் அல்ல. 1967இல் அவர் பாடி பிரிட்டனில் ஹிட்டான பாட்டு ‘ஹை ஹோ சில்வர் லைனிங்’. அதை ஆயுள் முழுக்க வெறுத்தார். ராக் உலகில் பாடாதவன் பாதிக் கலைஞன். அந்தக் கணக்கைத் திருத்தி எழுதியது 1975இல் வந்த ‘ப்ளோ பை ப்ளோ’. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த, வெறும் வாத்திய இசை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம்வரை போனது. அதே ஆண்டு ஜான் மெக்லாலினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பெக் சுற்றுப்பயணம் செய்தார். எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் மெக்லாலின்.

1980களில் பெக் ‘பிக்’கைத் தூக்கிப் போட்டார். அதற்குப் பிறகுதான் அசல் பெக் என்பது ரசிகர்களின் கட்சி, அது நியாயமும்கூட. கட்டைவிரல் தந்தியை மீட்டும். இன்னொரு விரல் வால்யூம் குமிழைத் திருகும். ‘டங்’ என்ற மீட்டு ஒலி மறைந்து, ஸ்வரம் மட்டும் மூச்சு மாதிரி எழும்பும். பாலத்தோடு இணைந்த சிறு கம்பியை அசைத்து, அந்த ஸ்வரத்தை அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். பெரும்பாலான ராக் கலைஞர்களுக்கு அந்தக் கம்பி அலறவைக்க உதவும் கருவி. பெக்குக்கு அது கமகம். பல்கேரியப் பெண்களின் சேர்ந்திசையைக் கேட்டு மயங்கி 1989இல் அவர் வாசித்த ‘வேர் வேர் யூ’வில் ஸ்வரங்கள் மெட்டுகளில் நிற்பதே இல்லை.

நம்மவர்கள் தேடிக் கேட்கவேண்டியது ‘நாடியா’. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளி இசையமைப்பாளர் நிதின் சாஹ்னி 1999இல் வெளியிட்ட ‘பியாண்ட் ஸ்கின்’ ஆல்பத்தில் ஸ்வாதி நாடேகர் ஹிந்துஸ்தானி பாணியில் பாடியது. 2001இல் பெக் அந்தக் குரலின் வளைவு நெளிவுகளை அப்படியே கிதாருக்கு மாற்றினார். ராகம் படித்தவர் அல்ல அவர். காதில் விழுந்ததை விரலில் பிடித்தார். வீணை கேட்டுப் பழகிய காதுக்குச் சில இடங்கள் கூசும். ஆனால் மேலே ஏறி நின்று, லேசாக நடுங்கி, கீழே இறங்கும் இடம் வரும்போது வாசிப்பது வாத்தியம் என்பது மறந்துபோகும்.

குறைகளும் உண்டு. சொந்தமாக எழுதிய நல்ல மெட்டுகள் குறைவு. ஆல்பங்களுக்கிடையே வருடக்கணக்கில் காணாமல் போவார். ஜானி டெப்போடு 2022இல் வெளியிட்ட கடைசி ஆல்பத்தைத் தீவிர ரசிகர்களே சிபாரிசு செய்வதில்லை. புதிதாகக் கேட்பவருக்கு அவர்கள் காட்டுவது, 2007இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் எடுத்த வீடியோ: சின்ன மேடை, வெள்ளைக் கிதார், பக்கத்தில் 20 வயது டால் வில்கன்ஃபெல்ட் பேஸில் வெளுத்துக் கட்ட, அறுபதைத் தாண்டிய பெக் ஒதுங்கி நின்று அவர் வாசிப்பதைச் சிரிப்போடு ரசிக்கிறார்.

எட்டு கிராமி விருதுகள் வாங்கினார், பெரும்பாலும் வாத்திய இசைக்கு. 2025 ஜனவரியில் அவருடைய கிதார்களை லண்டன் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. ‘ப்ளோ பை ப்ளோ’ அட்டைப்படத்தில் இருக்கும் கருஞ்சிவப்பு 1954 லெஸ் பால் பத்து லட்சம் பவுண்டுக்குமேல் போனது.