கைப்பிடி எங்கே?

சினிமாக்காரர்களின் கேரவன் உங்களுக்குத் தெரியும். அதிலேயே ஒரு ஒசத்தி ரகம் உண்டு. வண்டியை நிறுத்திப் பொத்தானை அமுக்கினால், பக்கச் சுவர் மேஜை டிராயர் மாதிரி வெளியே நகரும். உள்ளே இடம் தாராளமாகிவிடும். கிளம்பும்போது மறுபடி அமுக்கினால் உள்ளே போகும். போகாவிட்டால்?

சுவரை வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்ட முடியாது. அப்படியொரு வண்டி, திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் வழியில் கீரனூர் பக்கம் மக்கர் பண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். போன் போட்டால் வரும் பதில்: ‘தொடாதீங்க சார், எங்க ஆள்தான் வரணும்.’ எப்ப வருவார்? அது அந்த ஆளுக்கே தெரியாது.

இத்தனைக்கும் இது சிதம்பர ரகசியம் இல்லை. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, மோட்டார் இழுக்கும்போது படுத்துவிடலாம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அமுக்கிப் பாருங்கள். இல்லையா, ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்து, பேட்டரி முனையில் பூத்த உப்பு. அல்லது சுவர் நகரும் தடத்தில் சிக்கிய ஒரு கரண்டி. ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்திக் கோணலாகப் போனால் உடனே பொத்தானை விடுங்கள். மேலே அமுக்கினால் பல்சக்கரம் போச்சு. கடைசி வழி, பல வண்டிகளில் மோட்டார் பிரேக்கை விடுவித்து, கைப்பிடி போட்டுச் சுற்றலாம்.

அந்தக் கைப்பிடி எங்கே, எந்தப் பக்கம் சுற்றணும் என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கதவில் ஒட்ட என்ன செலவாகும்? ‘தெரியாதவன் கைவைத்தால் ஆபத்து’ என்பார்கள். வாஸ்தவம், விரல் போகும். அதற்கு மருந்து, தெரியவைப்பதுதானே? மறைப்பதா?

புதுக்கோட்டைக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களை சைக்கிள் ஓட்ட வைத்தது. சைக்கிளுக்கு ஒரு நல்ல குணம். எதையும் ஒளித்து வைக்காது. செயின் கழன்றால் கண்ணுக்குத் தெரியும், கையாலேயே மாட்டிவிடலாம்.

மத்திய அரசு 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்குக் கமிட்டி போட்டது, அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் எல்லாம் பட்டியலில் உண்டு. நல்ல காரியம். ஆனால், இணையதளம் சட்டமாகிவிடாதே! ஐரோப்பிய யூனியன் 2024-ல், சில பொருட்களுக்காவது, சட்டமே கொண்டுவந்துவிட்டது.

கேரவன் பணக்காரக் கவலை, நமக்கென்ன என்கிறீர்களா? அறந்தாங்கிப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் பாதி வயலில் நின்றால், கம்பெனி ஆள் வரும்வரை மழை காத்திருக்குமா?

வாங்கும்போது கலர், தள்ளுபடி, தவணை எல்லாம் கேட்கிறீர்கள். இனி இதையும் கேளுங்கள்: ‘நின்னு போச்சுன்னா கைப்பிடி எங்கேப்பா?’

பதில் வராத கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள்.