ஹோட்டல் கலிபோர்னியாவுக்கு முன்னால் இரண்டு விளம்பரங்கள்

வைகாசியில் தென்மேற்குக் காற்று ஏறத் தொடங்கினால் கண்டக்குழிக் கரையில் மீன்பிடி வள்ளங்களோடு வண்ணப் பட்டங்களும் தெரியத் தொடங்கும். கைட் சர்ஃபிங் பழக வரும் வெளிநாட்டவர்கள் ஒக்டோபர் வரை கற்பிட்டித் தீபகற்பத்தில் தங்குகிறார்கள். அவர்களை நம்பிக் கபானாக்கள் என்னும் கடற்கரைக் குடில்கள் முளைத்தன, கபானாக்களில் ஒலிபெருக்கிகள் முளைத்தன. மாலையானால் அவற்றில் என்ன பாட்டு வரும் என்று சாத்திரம் கேட்கத் தேவையில்லை. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ வரும். இன்று தப்பினால் நாளை வரும்.

1976 டிசம்பரில் வெளியான இசைத்தட்டின் பாட்டு அது. குறை சொல்ல இடமில்லாத பாட்டும்கூட. டொன் ஃபெல்டரும் ஜோ வோல்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசி, பிறகு ஒரே குரலாகச் சேர்ந்துகொள்ளும் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாய்பிளக்காதவர் குறைவு. கோளாறு பாட்டில் இல்லை. இருபது வருடத்து ரொக் இசை முழுவதும் எப்படி ஒரு கைப்பிடிப் பாட்டுகளாகச் சுருங்கியது என்பதுதான் கேள்வி.

சுருக்கியது காலம் அல்ல, வியாபாரம். எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் பிரெட் ஜேக்கப்ஸ் என்ற வானொலி ஆலோசகர் ‘கிளாசிக் ரொக்’ என்று ஒரு நிகழ்ச்சி முறையை வானொலி நிலையங்களுக்கு விற்றார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வளர்ந்தவர்களுக்கு ஏற்கெனவே பழகிய பாட்டுகளை மட்டும் சுழற்றிச் சுழற்றிப் போடுவது அதன் சூத்திரம். நேயர் சனலை மாற்றாமல் இருந்தால் விளம்பரம் விற்கும். இன்றைய இணையச் சேவைகளின் பரிந்துரைக் கணக்கும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆலோசகரின் இடத்தில் கணினி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்தில் விடுபட்டவர்கள் பலர். லெட் செப்லின் குழுவின் ‘ஹோல் லொட்டா லவ்’ எந்தப் பட்டியலிலும் இருக்கும். அதன் வரிகள் தன்னுடையவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்று வழக்குப் போட்டு, 1987இல் சமரசம் கண்ட கறுப்பினப் புளூஸ் கலைஞர் வில்லி டிக்சனின் பெயர் அதே பட்டியலில் இருக்காது. ரொக்கின் வேர் அமெரிக்கத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர்களின் இசை. அந்த வேருக்கு ஒரு தங்கை வேர் புத்தளம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கண்டக்குழியிலிருந்து சுமார் ஒரு மணிநேரப் பஸ் பயணத்தில் புத்தளம், அதை ஒட்டிச் சிரம்பியடி. போர்த்துக்கேயர் காலம் தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். போத்தலும் கரண்டியும் தேங்காய்ச் சிரட்டையும் மத்தளமும் சேர, போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அவர்கள் பாடும் மஞ்சாப் பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்து ஆட்டத்தில் முடியும். இலங்கை முழுவதும் ஆடும் பைலாவும் இந்த உறவுக்காரர்தான். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ பைலாவுக்குத் தமிழ்நாட்டில் ஆடியவர்களுக்கு இந்தப் பூர்வீகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஐந்து தடவை ‘ஹோட்டல் கலிபோர்னியா’ கேட்டவருக்கு ஆறாவதாக எந்தச் சேவையும் மஞ்சாவைப் பரிந்துரைக்கப் போவதில்லை. தேடித்தான் போக வேண்டும். தேடிப் போகிறவர் படும் பாடு தனிக்கதை.

பாட்டுக்கு முன்னால் இரண்டு விளம்பரம். அதைத் தாண்டினால் ‘செயலியில் திறக்கவா?’ என்று ஒரு பெட்டி. மின்னஞ்சல் கேட்டு இன்னொரு பெட்டி. பிங்க் ஃபுளோயிட் 1973இல் வெளியிட்ட ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ இசைத்தட்டில் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலைக்குள் நுழைந்திருக்கும். அந்த இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தால் ஆத்திரம் வராதவர் ஞானியாக இருக்க வேண்டும். நடுவில், மனிதர்தான் என்று நிரூபிக்கத் தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய் உள்ள படங்களைத் தொடச் சொல்வார்கள். கற்பிட்டியில் பிறந்து வளர்ந்த பையன் அந்தக் குழாயை எங்கே கண்டான்?

இதெல்லாம் இலவசமும் அல்ல. இன்று சாதாரண இணையப்பக்கம் ஒன்று 2 மெகாபைட்டுக்கு மேல் எடை காட்டுகிறது. ஆறரை நிமிட ‘ஹோட்டல் கலிபோர்னியா’வை நடுத்தரத் தரத்தில் கேட்க 5 மெகாபைட் போதும். இரண்டு மூன்று பக்கம் புரட்டும் செலவில் ஒரு பாட்டையே கேட்டுவிடலாம். ரீலோட் போட்டு நாளுக்கு நாள் டேட்டா வாங்குகிறவர், தனக்கு வேண்டாத விளம்பரத்தின் ஏற்றுக்கூலியையும் தானே கட்டுகிறார்.

தொல்லையைத் தொடக்கியவர்களில் ஒருவர் மன்னிப்பே கேட்டிருக்கிறார். தொண்ணூறுகளில் டிரைபொட் என்ற இணைய நிறுவனத்தில் வேலை செய்த ஈதன் சக்கர்மன், ஆபாசப் பக்கத்தோடு தன் விளம்பரம் ஒட்டிக்கொண்டதாக ஒரு கார் நிறுவனம் பதறியபோது, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை எழுதினார். எட்டிக் குதிக்கும் விளம்பரம் அப்படித்தான் பிறந்தது. நல்ல எண்ணத்தோடு செய்ததாகச் சொல்லி 2014இல் வருத்தம் தெரிவித்தார். குதித்தவை திரும்பிப் போகவில்லை.

தொல்லையைவிடக் கோபமூட்டுவது ‘வேண்டாம்’ என்பதற்கு இடமில்லாததுதான். இலங்கை வானொலியைக் கேட்டவருக்குப் பாட்டுப் பிடிக்காவிட்டால் குமிழைத் திருகினால் போதும், அறிவிப்பாளர் காரணம் கேட்டுப் பின்னால் வருவதில்லை. இணையத்தில் ‘ஏற்கிறேன்’ கொட்டை எழுத்தில் இருக்கும், மறுப்பு நாலு படி தாண்டி இருட்டில் இருக்கும். இது தற்செயல் அல்ல என்பதைப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. நம் இணைய நடமாட்டத்தைப் பதியும் குக்கிகளை ஏற்பது போல மறுப்பதையும் எளிதாக்கவில்லை என்று 2022 ஜனவரியில் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. சில மாதங்களில் ஐரோப்பாவில் ‘எல்லாவற்றையும் நிராகரி’ என்ற பொத்தானைக் கூகுள் கொண்டுவந்தது. முடியாத காரியம் அல்ல, கேட்க ஆளிருந்தால் நடக்கிறது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்து தள்ளிப்போயின. கிடைத்த அந்த அவகாசத்தில் விதி எழுதுகிறவர்கள் ஒன்றைச் சேர்க்கலாம்: மறுக்கும் பொத்தான் ஏற்கும் பொத்தானின் அதே அளவில், அதே திரையில், தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். அதுவரை கபானாப் பையன்கள் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஏற்றும்போது ‘ஹோட்டல் கலிபோர்னியா’வுக்குப் பக்கத்தில் சிரம்பியடிப் பாட்டு ஒன்றையும் சேர்த்தால், பட்டம் விட வந்தவர்கள் இது என்ன பாட்டு என்று கேட்கக்கூடும்.